ஒரு கை தவிட்டுக்கு விற்ற என் மூத்தவள்

எனக்கு எழுபத்தேழு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். ஐந்து பேரும் இன்றைக்கு நன்றாக இருக்கிறார்கள். அது சும்மா வந்ததில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன். பிறகு என் கையில் இருந்ததெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்திதான். அதனால் என் எழுத்து கோணலாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். பேத்தியிடம் சொல்லி எழுதி வாங்கியிருக்கலாம். இந்த விஷயத்தை நானே எழுத வேண்டும்.

ஐந்து பேரில் நான்கு பேர் என்னை அம்மா என்று கூப்பிடுகிறார்கள். மூத்தவள் மட்டும் சின்னம்மா என்று கூப்பிடுவாள். அவளையும் நான்தான் பெற்றேன். மலேசியாவில், சிகாமட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரையில், ஒரு பகலும் பாதி ராத்திரியும் வலி எடுத்துப் பெற்றேன். மருத்துவச்சி இன்று உயிரோடு இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில் மிச்சம் நானும் அவளும்தான். அவளுக்கு அது ஞாபகம் இருக்காது.

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாசிர் கூடாங்கிலிருந்து காஹாங்குக்கு வந்தாள். நான் இங்கே கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். காரை ஓட்டி வந்தது அவளுடைய கடைசிப் பெண், என் பேத்தி. மூத்தவள் வந்தால் முதலில் அடுப்படிக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். அன்றைக்கு உட்காரக்கூட இல்லை. பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பதிவிலாகாவிலிருந்து வந்த மலாய்க் கடிதம்.

"சின்னம்மா, டி.என்.ஏ. எடுக்கணுமாம். நீங்களும் நானும்."

"எதுக்கு?"

"நீங்க என்னைப் பெத்தீங்களான்னு பாக்க."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "பெத்தவ உசுரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என்னைக் கேக்காம எச்சிலைக் கேக்கறாங்களா? அந்த ஆபீசரை இங்க வரச் சொல்லு. எம் வயித்தைக் காட்டறேன்."

பேத்தி சிரித்துவிட்டாள். "பாட்டி, அவங்க கவுண்டர்ல வயித்தை எல்லாம் ஸ்கேன் பண்ண மாட்டாங்க லா."

அவள் அம்மா சிரிக்கவில்லை.

என் மூத்தவளுக்கு ஐம்பத்தேழு வயது. இந்த மண்ணை விட்டு வேறு ஒரு தேசத்தில் கால் வைத்ததில்லை. ஆனால் அவளிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. அவள் புருஷனுக்கு நீலம், பிள்ளைகளுக்கு நீலம், தம்பி தங்கைகளுக்கு நீலம், எனக்கு நீலம். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அட்டையைக் கேட்டால், அவள் கவிழ்த்துத்தான் மேசையில் வைப்பாள். தொழிற்சாலைக் கேண்டீனில் இருபது வருடத்துக்கு மேல் சமைத்திருக்கிறாள். மலிவு விலை வீட்டுக்கு மனு போட்டால் முதல் கேள்வியிலேயே தள்ளுபடி. ஓட்டுப் போடும் நாளில் வீட்டிலுள்ள எல்லோரும் விரலில் மையோடு திரும்புவார்கள். அவள் அவர்களுக்கு மீன் குழம்பு வைத்துக் காத்திருப்பாள்.

"சாகறதுக்குள்ள ஒரு தடவை இந்த விரல்ல மை வச்சிக்கணும் சின்னம்மா" என்றாள் அன்றைக்கு.

அதற்கு மேல் நான் எச்சிலைப் பற்றிப் பேசவில்லை.

பிறப்புப் பத்திரத்தில் தாய் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. அது யாருடைய குற்றம் என்றால், பயத்தின் குற்றம்.

இவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் எனக்குப் பிறந்தன. முதலாவது நாற்பது நாளில் காய்ச்சலில் போனது. இரண்டாவது மூன்று மாதத்தில் இழுப்பு வந்து, ஆஸ்பத்திரிக்கு லோரி கிடைப்பதற்குள் போனது. இரண்டு குழியும் ரப்பர் மரத்துக்கு அடியில்தான். மூன்றாவதாக இவள் வயிற்றில் வந்தபோது, பெரியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையாகச் சொன்னார்கள்: பிறந்ததும் தவிட்டுக்கு விற்றுவிடு.

எங்கள் ஜனங்களிடம் இருந்த வழக்கம் அது. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைப்பார்கள். வேறொருத்தி வந்து ஒரு கை தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். அன்று முதல் அது அவள் பிள்ளை. பெற்றவள் பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், ஆனால் தாய் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று எமன் நம்பிப் போய்விடுவான். பிள்ளை ஐந்து வயதைத் தாண்டியதும் பெற்றவள் அதே அளவு தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

ரப்பர் தோட்டத்தில் நெல் ஏது, தவிடு ஏது? சீனன் கடையில் கோழித் தீவனத்துக்கு வைத்திருந்த தவிட்டைத்தான் வாங்கி வந்தோம். வாங்கியவள் பக்கத்து வீட்டுக்காரி. இந்தியாவிலிருந்து வந்தவள், பிள்ளை இல்லாதவள். அவள்தான் முறத்திலிருந்து குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "இந்தாடி, இனிமே நாந்தான் அம்மா. நீ சின்னம்மா. நெனப்பு வச்சிக்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பால் கட்டி மார்பு வலித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் பிறப்பைப் பதிய ஆபீசுக்குப் போனார். அங்கே கணக்கும் பதிவும் எழுதுகிற பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்டவர், கெட்டிக்காரர். அவர், "தாயின்ர பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். இவர் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லிவிட்டார்.

கிராணி நிமிர்ந்து பார்த்தாராம். "அது உன்ர மனிசி இல்லையே. சரியாய்த்தான் சொல்லுறியோ?"

"சரியாத்தான் சொல்றேன்யா. எழுதுங்க."

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். ஆனால் அவர் சொன்னதும் நியாயமாகப் பட்டது. "வாயால வித்துட்டு காகிதத்துல உம் பேரை எழுதினா, அது பொய் வியாபாரம் ஆயிடும்ல? அப்புறம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரைக் கேக்கறது?" எமனுக்குப் படிக்கத் தெரியும் என்று இரண்டு பேரும் நம்பினோம். படித்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். இரண்டு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

லயத்துப் பெண்களுக்கு அது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒருத்தி கேட்பாள்: "ஏண்டி, ஒம் புருஷன் அடுத்த வீட்டுக்காரிகிட்ட புள்ள பெத்துக்கிட்டாராமே. கிராணி புஸ்தகத்துலயே ஏறிடுச்சாம். நீ எங்கடி போயிருந்த?"

"பால் மரம் வெட்டப் போயிருந்தேன்" என்பேன். குழாயடியே அதிரும்.

குழந்தைக்கு ஒன்றரை வயது ஆனபோது, பெர்மிட் இல்லாதவர்களுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்று சட்டம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு காகிதமும் இல்லை. பத்திரத்தில் தாய் இப்படிக் குடியுரிமை இல்லாதவள், அப்பாவோடு கல்யாணப் பதிவும் இல்லாதவள் என்பதால்தான் பிற்பாடு பிள்ளைக்குச் சிவப்பு அட்டை. அவளும் புருஷனும் ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தார்கள். சிகாமட் ரயில் நிலையத்துக்கு நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். மடியில் ஒரு கை தவிடும் முடிந்து வைத்திருந்தேன்.

"திருப்பிக் குடுத்துட்டுப் போயிடு அக்கா" என்றேன்.

அவள் பதறிப்போனாள். "அஞ்சு வயசுக்கு முன்னால வேணாம்டி. அதுதான் கெடு. நான் ஒரு வருஷத்துல திரும்பி வந்துடுவேன். வந்து நானே குடுக்கறேன்."

வரவில்லை. ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. குழந்தை சில நாள் அம்மா அம்மா என்று அவள் வீட்டுக் கதவைத் தட்டியது. பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டது. என்னைச் சின்னம்மா என்றது. சொல்லிக் கொடுத்தபடி.

அதற்குப் பிறகு நான்கு பேர் பிறந்தார்கள். நான்கும் தங்கின.

சோதனை ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியில் என்று நாள் குறித்தார்கள். பேத்திதான் எங்களைக் கூட்டிப்போனாள். மூத்தவள் முன் இருக்கையில். நான் பின்னால், மடியில் வெற்றிலைப் பையோடு. காஹாங்கைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம்தான். எவ்வளவு தூரம் போனாலும் அதே வரிசை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன்.

மூத்தவள் திரும்பாமலே பேசினாள்.

"சின்னம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சிக்க மாட்டீங்களே."

"கேளு."

"இல்லேன்னு வந்தா என்ன பண்றது?"

"எது இல்லேன்னு?"

"நான் உங்க பொண்ணு இல்லேன்னு."

சிரிப்பாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். "வந்தா அந்த மிஷினை அடிச்சி ஒடச்சிடுவேன்" என்றேன். அவள் தலை அசையவில்லை. கார் ஒரு செம்பனை லோரியைத் தாண்டியதும் சொன்னாள்.

"நான் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா புள்ளைன்னுதான் நெனச்சிட்டு இருக்கேன். விட்டுட்டு இந்தியாவுக்குப் போயிட்டாங்க. நீங்க பாவம் பாத்து எடுத்து வளத்தீங்க. எம் மனசு நோகக் கூடாதுன்னு அந்தத் தவிட்டுக் கதையைச் சொன்னீங்க. அப்பா நம்ம அப்பாதான், அம்மா மட்டும் அவங்கன்னு நெனச்சேன். பைப்படியில பேசுவாங்களே. அதான்."

என் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

"எத்தனை வருஷமா இப்படி நெனச்சிட்டு இருக்க?"

"பன்னெண்டு வயசுல ஐ.சி. கார்டு எடுக்கப் போனோமே. அப்பதான் பத்திரத்தை மொதல் தடவை படிச்சேன். அதுலேருந்து."

நாற்பத்தைந்து வருடம். பேத்தி ரேடியோவை அணைத்தாள். குளுவாங் தாண்டியது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவள்மேல். எவ்வளவு செய்திருக்கிறேன், ஒரு நாளாவது வித்தியாசம் காட்டினேனா என்று. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லாமல் அடுத்த வெற்றிலையை மடித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்த் தாதி அட்டைகளைச் சரிபார்த்து, படம் பிடித்து, கட்டைவிரல் ரேகை வாங்கினாள். பிறகு என் வாயைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அலமாக், மக்சிக்! வெற்றிலையா?" என்று மலாயில் கேட்டாள், ஐயோ அத்தை என்கிற மாதிரி. நான்கைந்து முறை கொப்பளிக்கச் சொன்னாள். அரை மணி நேரம் எதுவும் வாயில் போடாமல் உட்காரச் சொன்னாள்.

இங்கே நான் செய்த ஒரு காரியத்தை எழுத வேண்டும். உட்கார்ந்திருந்தபோது எதிரே சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் மூத்தவள். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க என் கை தானாகப் பைக்குள் போனது. பையிலிருந்து ஒரு சின்னப் பாக்குத் துண்டை எடுத்து, யாருக்கும் தெரியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். கூப்பிட்டபோது கைக்குட்டையில் துப்பிவிட்டேன். தாதியிடம் சொல்லவில்லை. பஞ்சு சுற்றிய குச்சியால் என் கன்னத்துக்குள்ளே தேய்த்தாள். அவ்வளவுதான். பிள்ளை பெற்றதற்குச் சாட்சி எடுக்க அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. அடுத்து மூத்தவளுக்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். மருந்து கொடுக்கும்போது சின்ன வயதில் அப்படித்தான் திறப்பாள்.

முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

அந்த வாரங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. பெருக்கிய வாசலையே திரும்பப் பெருக்கினேன். காய்ந்த துணியை மடித்து, பிரித்து, வேறு மாதிரி மடித்தேன். தபால்காரர் மோட்டார் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வாசலுக்குப் போய் நின்றேன். கடிதம் என் வீட்டுக்கு வராது, பதிவிலாகாவுக்குத்தான் போகும் என்று மகன் சொன்னான். தெரியும். தெரிந்தும் போய் நின்றேன்.

"அத்தை, கொஞ்சம் ஒரு எடத்துல உக்காருங்களேன். உங்களைப் பாத்து எனக்கே கால் வலிக்குது" என்றாள் மருமகள்.

உட்கார்ந்தால் பாக்குத் துண்டு ஞாபகம் வரும். பாக்குச் சாறு கலந்து எச்சில் கெட்டுப்போயிருந்தால்? மிஷின் இல்லை என்று சொல்லிவிட்டால்? எனக்குத் தெரியும் நான் பெற்றேன் என்று. ஆனால் அவளுக்கு யார் சொல்வது? நான் சொல்லி நம்பாதவள், மிஷினும் இல்லை என்று சொன்னால், பிறகு எதை நம்புவாள்? ஒரு பாக்குத் துண்டுக்காக மகளை இரண்டாவது தடவை விற்றுவிட்டேனோ என்று எழுந்து நடப்பேன்.

நடந்தால் வேறொன்று ஞாபகம் வரும். பழைய நாட்களைப் புதிதாகப் பார்க்க வேண்டியிருந்தது. இவள் சின்ன வயதில் சோற்றுக்கு இரண்டாம் தடவை தட்டை நீட்டமாட்டாள். தீபாவளித் துணியில் எது மிச்சமோ அதை எடுத்துக்கொள்வாள். தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டி, பிள்ளை பார்க்கும் ஆயாக் கொட்டகையில் விட்டு, எனக்குத் தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டு வந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். மூத்த பெண் எந்த வீட்டிலும் செய்வதைத்தான் செய்கிறாள் என்று நினைத்தேன். பிடிவாதமே பிடிக்காத பிள்ளை என்று லயம் முழுக்கப் பெருமை அடித்தேன். மற்ற நான்கும் தரையில் புரண்டு அழுவார்கள், இவள் ஒருநாளும் புரண்டதில்லை. புரண்டு அழ அவளுக்குத் தைரியம் இல்லை என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அடுத்தவர் வீட்டில் இருக்கிறோம் என்று நினைத்த பிள்ளை எப்படிப் புரளும்?

கடைசியில் தாங்க முடியாமல் பேத்திக்குப் போன் போட்டு, பாக்குத் துண்டைச் சொல்லிவிட்டேன்.

அவள் வெடித்துச் சிரித்தாள். "பாட்டி! போனாப் போகுது, பாக்கு மரத்துக்கு நீங்க சொந்தக்காரின்னு வரும், அவ்ளோதான். அது ஒண்ணும் ஆகாது லா. கெட்டுப்போனா திரும்ப எடுப்பாங்க. பொய்யா மாத்திச் சொல்லாது."

"அம்மாகிட்ட சொல்லாத."

"சொல்ல மாட்டேன்." பிறகு, "அம்மாவும் ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கறாங்க பாட்டி. நேத்து கேண்டீன்ல ஒரு பானை சாம்பாருக்கு ரெண்டு தடவை உப்பு போட்டுட்டாங்களாம்" என்றாள்.

முடிவு வந்துவிட்டது என்று பதிவிலாகாவில் கூப்பிட்டார்கள். அதிகாரி சின்ன வயது மலாய்ப் பெண். எங்களை உட்கார வைத்து, காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாகப் படித்தாள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று நிறைய ஒன்பது சொன்னாள். அதெல்லாம் எனக்குப் புரியவில்லை. கடைசியில் என்னைக் கையால் காட்டி "இபு கண்டோங்" என்றாள். பெற்ற தாய் என்று அர்த்தம். அது புரிந்தது. எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தஹ்னியா, மக்சிக்" என்று வாழ்த்தும் சொன்னாள். பிள்ளை பெற்றவளிடம் சொல்கிற மாதிரி. எழுபத்தேழு வயதில் எனக்கு அந்த வாழ்த்து கிடைத்தது. அவளைப் பெற்ற அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை, எமன் கேட்டுவிடுவான் என்று.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து மூத்தவளைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியின்மேல் விரலை வைத்து, இரண்டு மூன்று முறை படித்தாள். பிறகு, "இதுக்கு ஒரு நகல் கிடைக்குமா?" என்று மலாயில் கேட்டாள். அவ்வளவுதான்.

நீல அட்டைக்கான மனு மேலிடத்துக்குப் போகும், இனி தடை இருக்காது, ஆனால் நாளாகும் என்றாள் அதிகாரி.

வெளியே வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். பேத்தி மூன்று தே தாரேக், இழுத்து ஆற்றிய பால் தேநீர், சொன்னாள். மூத்தவள் குவளையைத் தொடவில்லை.

"என்னடி, சந்தோஷமா இல்லியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். குரல் உயரவில்லை. அவள் குரல் எப்போதும் உயராது. "இவ்ளோ நாளா உங்களை நான் எப்படி நெனச்சேன் தெரியுமா? யாரோ பெத்த புள்ளையை இப்படி வளத்தாங்களேன்னு. உங்களை மாதிரி ஒருத்தி ஒலகத்துலயே கிடையாதுன்னு. கோயில்ல உங்க பேர்ல தனியா அர்ச்சனை பண்ணுவேன். இப்ப பாத்தா நீங்க பெத்த அம்மா. அப்போ ஏன்?"

"என்ன ஏன்?"

"எனக்குக் கல்யாணம் பதியப் போனோமே. அந்த ஆபீஸ்ல அந்தம்மா உங்களைப் பாத்து, மக்சிக், நீங்க பொண்ணுக்கு யாருன்னு கேட்டாங்க. நான் உங்க வாயைத்தான் பாத்துட்டு இருந்தேன். நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இருந்தது. சின்னம்மா என்றுதான் சொன்னேன்.

"எமன் கல்யாண ஆபீஸுக்குமா வருவான்?" என்றாள்.

பேத்தி, "அம்மா, வேணாம்" என்றாள். "நீ சும்மா இரு" என்றாள் அவள் அம்மா. பிறகு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். நான் என் தே தாரேக்கைக் குடித்து முடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை. கை வேறு எதையும் செய்யத் தெரியாமல் இருந்தது.

அன்றைக்குப் பிறகு அவள் காஹாங்குக்கு வரவில்லை. போன் போட்டால் எடுக்கிறாள். முன்பெல்லாம் "சொல்லுங்க சின்னம்மா" என்பாள். இப்போது "சொல்லுங்க" என்று மட்டும் சொல்கிறாள். சின்னம்மாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்கு என்றால் நல்லா இருக்கு. பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கேண்டீன் சத்தம் கேட்கிறது. யாராவது அவளைக் கூப்பிட்டதும் வைத்துவிடுகிறாள்.

அவள் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு தடவை முயன்றேன். வேறு எதையோ பேசிவிட்டு வைத்தேன். அதனால்தான் கடையில் நோட்டுப் புத்தகம் வாங்கி, இத்தனை நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதில் இதுதான்.

முதலில் பயம். உன்னை வாங்கியவள் போய்விட்டாள், நான் திருப்பி வாங்கவில்லை, அதற்குள் அம்மா என்று நான் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால், உன்னையும் ரப்பர் மரத்துக்கு அடியில் வைக்க வேண்டி வருமோ என்று பயம். உனக்கு ஐந்து வயது ஆனபோது, அந்தத் தவிட்டைக் குப்பைமேட்டில் நானே கொட்டிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று நினைத்தேன். அப்போது உன் தம்பிக்குக் காய்ச்சல். நினைத்ததற்கே காய்ச்சல் வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். உங்கள் ஐந்து பேர் உயிரும் நீ என்னைக் கூப்பிடும் அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது என்று நம்பினேன்.

அந்தப் பயம் எப்போது போனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீ பெரியவளாகும்போது போய்விட்டது. அதற்குப் பிறகும் ஏன் சொல்லவில்லை என்றுதானே கேட்கிறாய். அதற்குப் பிறகு இருந்தது பயம் இல்லை. திமிர். தோட்டத்தில் எதற்கும் அஞ்சாதவள் என்று எனக்குப் பெயர். வேலை வாங்கும் தண்டலையே எதிர்த்துப் பேசியவள் நான். இனிமேல் என்னை அம்மா என்று கூப்பிடு என்று சொன்னால், இத்தனை வருடம் ஏன் கூப்பிடவிடவில்லை என்று நீ கேட்பாய். நான் பயந்தேன், காகிதத்தைக் கெடுத்தோம், உன் அட்டை சிவப்பானது எங்களால்தான் என்று உன் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு என் வாய் வரவில்லை. அந்த ஆபீசில் அந்தம்மா கேட்டபோதும் அதுதான். அம்மா என்று சொல்லியிருந்தால் பத்திரத்தைப் பார்த்து அடுத்த கேள்வி கேட்டிருப்பாள். நாலு பேர் முன்னால் நான் முட்டாளாக நிற்க வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பதிலாக உன்னை நிற்க வைத்தேன். நீ என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் எனக்குத் தெரியாது. பொய் எழுத மாட்டேன்.

நீ என்னை எப்படியும் கூப்பிடு. ஆனால் எதையாவது கூப்பிடு.

நீல அட்டை வரும். வரும் என்றுதான் அதிகாரி சொன்னாள். நான் இருக்கும்போதே வந்தால், உன் விரலில் மை வைக்கும் அன்றைக்கு மீன் குழம்பை நான் வைக்கிறேன்.

எழுதி முடித்துவிட்டேன். இனி பேத்திக்கு. நீ இன்றைக்குத் தனியாக வந்திருக்கிறாய். உன் அம்மாவுக்கு வேலை என்றாய். சரி. இந்த நோட்டை அவளிடம் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டு. கண்ணாடி போட்டாலும் என் எழுத்து எனக்கே தெளியவில்லை. எழுத்துப் பிழையை விட்டுவிடு. இங்கே பக்கத்தில் உட்கார். உன் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படி. எந்த இடத்தில் அவள் எழுந்து போய்விடுவாள் என்று உனக்குத் தோன்றுகிறதோ, அந்த இடத்தில் சொல். அதை நான் மறுபடியும் எழுதுகிறேன்.